பழைய படகும் நீர் புகுந்த எஞ்சினும்

படகின் அடித்தட்டில் அமர்த்தப்படும் டீசல் எஞ்சின், அமைப்பில் லாரி எஞ்சினிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. லாரிக்கென வார்க்கப்பட்ட எஞ்சினையே சில உறுப்புகளை மாற்றிப் படகுக்குப் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். வேறுபாடு அதைக் குளிர்விக்கும் முறையில் இருக்கிறது. லாரி எஞ்சினின் வெப்பத்தை ரேடியேட்டர் வழியே காற்று எடுத்துச் செல்ல, படகு எஞ்சினின் வெப்பத்தைக் கடல்நீர் எடுத்துச் செல்கிறது. அதாவது இரும்பை எந்த நீர் அரித்துக் கெடுக்குமோ, அதே நீரை ஓடும் நேரமெல்லாம் தன் உடலுக்குள் இழுத்து வெளியே தள்ள வேண்டிய நிலையில் படகு எஞ்சின் இருக்கிறது. பழைய படகொன்றை வாங்குபவர், எஞ்சினின் வயதையும் அது ஓடிய மணிக்கணக்கையும் கேட்பதற்கு முன்பே, இந்த நீர் தனக்குரிய பாதையை விட்டு எங்கேனும் விலகியிருக்கிறதா என்பதைத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பாதை படகின் அடியில் உள்ள வால்விலிருந்து தொடங்குகிறது. அதன் வழியே வரும் கடல்நீரை ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுழலும் சிறிய பம்பு ஒன்று இழுத்து, வெப்பமாற்றி என்னும் உறுப்புக்குள் அனுப்புகிறது. வெப்பமாற்றி என்பது ஒரு கூட்டுக்குள் அடுக்கப்பட்ட மெல்லிய உலோகக் குழாய்களின் கட்டு. குழாய்களுக்குள் கடல்நீரும், அவற்றைச் சுற்றி எஞ்சினுக்குள்ளேயே சுழன்றுவரும் கூலன்ட் கலந்த நன்னீரும் ஓட, நன்னீரின் வெப்பம் கடல்நீருக்கு மாறுகிறதே தவிர இரண்டும் கலப்பதில்லை. பல எஞ்சின்களில் மசகெண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரும் இதே கடல்நீர் வழியில் வைக்கப்பட்டிருக்கும். இறுதியாக அந்நீர், புகை வெளியேறும் குழாயின் வளைவில், மெக்கானிக்குகள் எல்போ என்று அழைக்கும் முழங்கை போன்ற பகுதியில், கொட்டப்பட்டுப் புகையைத் தணித்து, அதனுடனேயே படகுக்கு வெளியே போகிறது. எளிய பழைய எஞ்சின்கள் சிலவற்றில் வெப்பமாற்றி இல்லாமல் கடல்நீரே நேராக எஞ்சினின் உடலுக்குள் சுற்றி வருவதுண்டு. அவற்றின் உட்சுவர்கள் ஆண்டுக்காண்டு மெலிந்துகொண்டே போகும். எவ்வகையாயினும், உப்புநீருக்கும் எண்ணெய்க்கும், உப்புநீருக்கும் எரியறைக்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய சுவரோ ரப்பர் வளையமோ கேஸ்கட்டோதான்.

இவற்றுள் மிகுதியாக ஏமாற்றுவது எல்போ. சூடான புகையும் உப்புநீரும் ஒன்றாகச் சேரும் இடமாதலால் அது உள்ளிருந்தே அரிபட்டு வருகிறது. வெளியே வண்ணம் கெடாமல் இருக்கும்போதே உள்சுவர் ஓட்டையாகி, நிற்கும் எஞ்சினின் சிலிண்டருக்குள் நீர் திரும்பி வடியத் தொடங்கியிருக்கும். எல்போவில் குறையே இல்லாவிட்டாலும் நீர் இதே வழியில் புகுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. எஞ்சின் கிளம்ப மறுத்து ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுழற்றும்போது, கடல்நீர்ப் பம்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது, ஆனால் நீரை வெளியே தள்ளுவதற்கு வேண்டிய புகை இல்லை. ஆகவே சைலன்சர் நிறைந்து, எஞ்சின் பக்கமாக நீர் ஏறுகிறது. அடுத்தது சைஃபன் விளைவு: எல்போவில் நீர் சேரும் புள்ளி கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பம்பு நின்ற பிறகும் நீர் தானே இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அதை முறிக்க உயரத்தில் ஒரு வளைகுழாயும் காற்றை உள்ளே விடும் சிறு வால்வும் வைக்கப்படுகின்றன, அந்த வால்வில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டால், ஓர் இரவு போதும். புகைக்குழாயை மேல்தளத்துக்கு மேலே நிமிர்த்திவிட்ட படகுகளில் இத்தொல்லை இல்லை. அங்கே மூடியில்லாத குழாய்வாய் வழியே மழைநீர் இறங்குகிறது.

சிலிண்டருக்குள் எவ்வளவு நீர் புகுந்தால் கேடு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிஸ்டன் ஒருமுறை மேலேறும்போது கடக்கும் இடம் 1,000 கன சென்டிமீட்டர் என்றும், சுருக்க விகிதம் 17-க்கு 1 என்றும் கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் ஏறத்தாழ 62 கன சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு சிறிய தேநீர்க் குவளையைக்கூட அது நிரப்பாது. காற்று அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். நீரோ, தன் கன அளவில் ஒரு விழுக்காடு குறைவதற்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைக் கேட்பது. எனவே அந்த அளவை மிஞ்சி நீர் நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் மேலேற முடியாமல் முட்டி நிற்கும், இதுவே நீர்ப்பூட்டு. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது இது நேர்ந்தால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது முறிகிறது. முறிவதைவிட இலேசாக வளைவதே வாங்குபவருக்குக் கேடு என்று சொல்லலாம். ஏனெனில் வளைந்த ராடுடன் எஞ்சின் தொடர்ந்து ஓடும், ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்து குளிர்ந்த நிலையில் வெண்புகை வரும், வேறு அடையாளம் இராது. முறிவு நடுக்கடலில் வரும்.

சோதனை, எஞ்சினை இயக்குவதற்கு முன்பே, அது முழுதும் குளிர்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பாராயின் வேறொரு நாள் வருவதே நல்லது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிற்கின்றன. பல வாரம் அசையாமல் நின்ற அத்தகைய எஞ்சினே இச்சோதனைக்கு மிகவும் தக்கது. மசகெண்ணெயைவிட நீர் கனமானது ஆகையால், நீண்ட ஓய்வில் அது பிரிந்து சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கியிருக்கும். அடித்திருகைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய்க்கு முன் நீர் சொட்டும். ஓடிய எஞ்சினிலோ கிராங்க் ஷாஃப்ட் இரண்டையும் கடைந்து, மோரைப் போன்ற வெளிறிய குழம்பாக்கிவிடுகிறது. அளவுக்கம்பியிலும் எண்ணெய் ஊற்றும் மூடியிலும் தெரியும் இந்தக் குழம்பு பலரும் அறிந்த அடையாளமே எனினும், அதை மட்டும் கொண்டு முடிவெடுப்பது தவறு. குறைந்த நேரமே ஓடி நிறுத்தப்படும் எஞ்சினில் காற்றின் ஈரம் குளிர்ந்து மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணுரையாகப் படிவதுண்டு, அது நோயன்று. மாறாக, எண்ணெய் புத்தம் புதியதாகப் பளபளப்பது அதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் நீர் கலந்த எண்ணெயை மாற்றிவிட்டால் தடயமும் அதனுடன் போய்விடும்.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு: ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய உலோகத் தட்டில் அந்த எண்ணெயில் ஒரு சொட்டை விட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் கலந்திருந்தாலும் சடசடவென்று வெடித்துக் குமிழியிடும். நீர் உண்டு என்று தெரிந்தபின் எழும் கேள்வியே முதன்மையானது: அது கடல்நீரா, எஞ்சினின் சொந்த நன்னீரா? பிரிந்து நிற்கும் நீரை வடித்தெடுத்துச் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், கடல்நீராயின் அதில் உள்ள குளோரைடு தயிர்போலத் திரண்ட வெண்மையான வீழ்படிவாக இறங்கும். கடற்கரை ஊர்களின் கிணற்று நீரிலும் குளோரைடு இருக்கும் ஆதலால், கூலன்ட் கலக்கப் பயன்பட்ட நீரையும் அருகில் வைத்துச் சோதித்து ஒப்பிட வேண்டும். நாக்கில் வைத்து உப்பா என்று பார்ப்பது மட்டும் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு.

விடை எதுவோ அதற்கேற்பத் தேடும் இடம் மாறுகிறது. கடல்நீராயின் எல்போ, ஆயில் கூலர், கடல்நீர்ப் பம்பு ஆகியவையே முதல் ஐயத்துக்குரியவை. பம்பின் அச்சில் நீரைத் தடுக்கும் சீல் ஒன்றும் எண்ணெயைத் தடுக்கும் சீல் ஒன்றும் இருக்க, இரண்டுக்கும் இடையே கசிவு வெளியேறுவதற்கென ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அத்துளையில் நீர் சொட்டினால் முதல் சீல் போய்விட்டது என்று பொருள், அந்தச் சொட்டு தரையை நனைக்கிறதே என்று துளையை அடைத்துவிடும் தவறான கைவேலை நீரை நேராக எண்ணெய்க்குள் திருப்பிவிடும். நன்னீராயின், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட், ஹெட்டில் விழுந்த விரிசல், சிலிண்டரின் உட்சுவராக அமையும் ஸ்லீவின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டீசலைச் சீறியடிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் எந்தச் சிலிண்டரில் நீர் நிற்கிறதோ அது துளை வழியே பீய்ச்சும். கூலன்ட் தொட்டியில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, சம்ப்பைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து பார்ப்பதும், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கூலன்ட் தொட்டியில் குமிழி எழுகிறதா என்று கவனிப்பதும் ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். இச்சோதனைகளைத் தவிர்த்து எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவதே மிகப் பரவலான பிழை.

கடல்நீர் புகுந்தது உறுதியானால் காலம் நாள்களில் அன்று, மணிகளில் எண்ணப்பட வேண்டும். உப்புநீரில் நனைந்த எஃகு காற்றுப் பட்டதும் துருவேறுகிறது. முழுதும் மூழ்கி மீட்கப்பட்ட எஞ்சினை உடனே பிரிக்க வாய்ப்பில்லையெனில், நன்னீரால் கழுவி, அந்த வேலை தொடங்கும்வரை நன்னீருக்குள்ளேயே அமிழ்த்தி வைப்பது மேல். காய வைத்து ஓரமாக வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உப்புநீரும் மணலும் புகுந்த ஆயிரக்கணக்கான படகு எஞ்சின்களுக்கும் இந்த முதலுதவியே தேவைப்பட்டது. பகுதியளவே நீர் புகுந்த எஞ்சினில், நாசில்களைக் கழற்றி நீரை முழுதும் வெளியேற்றி, சிலிண்டர்களுக்குள் மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, சம்ப்பை வடித்து, விலை குறைந்த புது எண்ணெயையும் ஃபில்டரையும் இட்டு, சுமையின்றிக் கால்மணி நேரம் ஓட்டி, மீண்டும் வடிக்க வேண்டும்; நிறம் தெளியும்வரை மூன்று நான்கு முறை இது தொடரும். சூட்டில் நீர் ஆவியாகிவிடும் என்று எண்ணி அதே எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருப்பவர் மறப்பது ஒன்றுண்டு: நீர் போனாலும், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் உப்பு பேரிங்குகளுக்கிடையே தங்கிவிடுகிறது.

நீர் பல நாள் நின்ற எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் வழுவழுப்பான கழுத்துகளில் துருக்குழி விழுந்திருந்தால் பட்டறையில் அவற்றைச் சாணைபிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகளைப் பொருத்தலாம்; ஸ்லீவ்களைப் புதிதாக மாற்றலாம்; ஹெட்டின் முகத்தைச் சமன் செய்யுமுன் நிறமி ஊற்றி விரிசல் உண்டா என்று பார்க்கலாம். அரித்த எல்போவைப் பற்றவைப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் உடலில் கடல்நீர் ஓடும் அறைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் கண்டுவிட்டால், செலவு படகின் விலையை நெருங்கும் என்பதால் அங்கே பேரத்தை நிறுத்திவிடலாம். டீசலில் கலந்த நீர் தனிக் கதை: அது டேங்கின் அடியில் தங்கி, சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் அசையும் டீசல் பம்பின் உள்ளுறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்து இறுக்கிவிடும், ஆகையால் டேங்கின் அடியையும் நீர்பிரிக்கும் ஃபில்டரின் கிண்ணத்தையும் வடித்துப் பார்க்காமல் புதிய நாசில் வாங்குவது வீண்.

எல்லாம் கூட்டி முடித்தபின் எஞ்சினைச் சுமையின்றி ஓட்டிப் பார்ப்பது போதாது. கேஸ்கட்டின் மெல்லிய கசிவு முழுச் சுமையிலும் முழுச் சூட்டிலும்தான் வெளிப்படும் என்பதால், படகைக் கடலில் இறக்கி ஒரு மணி நேரமாவது இழுவையோடு ஓட்ட வேண்டும். அன்றிரவு கடல்நீர் வால்வை மூடிவிட்டு, மறுநாள் காலையில் எஞ்சினை இயக்காமலேயே நாசில்களைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்த்து, வால்வைத் திறந்து வைத்த அடுத்த இரவுக்குப் பின்னும் அவ்வாறே செய்தால், எல்போவும் சைஃபன் வால்வும் தம் வேலையைச் செய்கின்றனவா என்பது அந்த இரு காலைகளிலேயே தெரிந்துவிடும். பத்தாவது மணியிலும் ஐம்பதாவது மணியிலும் வடிக்கப்படும் எண்ணெயைச் சூடான தட்டில் விட்டு, சத்தமின்றிப் புகைந்து போகிறதா என்று பார்ப்பது கடைசிச் சோதனை.