பழுது பார்க்காமல் வீட்டை விற்கலாமா?

வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் கழித்து, ஹட்டனில் இருக்கும் எங்கள் வீட்டை விற்பதென்று முடிவானது. பிள்ளைகள் நாங்கள் ஆண் இருவர், பெண் இருவர். கொழும்பு, மாவனல்லை, அக்குறணை என்று சிதறிவிட்டோம். வீடோ பழசு. கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. மேற்குச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இவையெல்லாம் பார்க்க வருபவர் கண்ணுக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. பின்னறையில் அலுமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து ஜன்னல் மட்டம் வரை ஓடிய வெடிப்பு. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேடு அசைந்ததால் வந்தது.

"சீமெந்தப் பூசி பெயின்ட் ஒரு கை அடிச்சா போதும், யாருக்கு விளங்கப் போவுது?" என்றார் நானா.

பழுது பார்த்துத்தான் விற்க வேண்டும் என்று மார்க்கத்திலும் இல்லை, நாட்டுச் சட்டத்திலும் இல்லை. மலையகத்தில் பல நேரம் பழுது பார்க்காமல் விற்பதே புத்திசாலித்தனம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. பூசிய சுவர் காய்வதில்லை. வாங்குபவர் பெரும்பாலும் காணிக்காகவே வாங்குகிறார், பழைய வீட்டை இடித்துவிடுவார். மேசன் பாஸிடம் கணக்குக் கேட்டோம். கூரைக்கும் சுவருக்கும் போடும் காசு விலையில் திரும்பாது என்று விளங்கியது.

ஆனால் பழுது பார்க்காமல் விற்பது வேறு, பழுதை மறைத்து விற்பது வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நனைந்ததை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் பூச நினைத்த பெயின்ட் அந்தக் குவியலின் மேலே கிடந்த காய்ந்த தானியம்தான்.

"இருக்கிற நிலையில் விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று எழுதிக்கொண்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவியின் மின்ஹாஜ் சொல்வதன்படி, அப்படியான நிபந்தனை விற்பவரைக் காப்பது உயிருள்ள பிராணியில், அவரே அறியாத மறைவான குறைக்கு மட்டும்தான். வீட்டுக்கு அது பொருந்தாது. குறையை அறிந்ததும் வாங்கியவர் திருப்பித் தரலாம். இலங்கையில் காணி விற்பனைக்குரிய ரோமன் டச்சுச் சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வருகிறது. அப்படி ஒரு வாசகம் செல்லும், ஆனால் தெரிந்தே மறைத்தவரை அது காப்பாற்றாது. விலையைக் குறைக்கவோ விற்பனையை ரத்துச் செய்யவோ வாங்கியவர் வழக்குப் போடலாம்.

மலையகத்தில் மண்மேட்டு வெடிப்பு உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளையும் பார்த்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் விசாரிக்கலாம். விற்பவர் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

லய அறைகளை "விற்கிறோம்" என்று காசு கைமாறுவது பற்றியும் ஒரு வார்த்தை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. உறுதி இல்லாத அறையை யாரும் விற்க முடியாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் எழுதிய பற்றுச்சீட்டை நம்பிக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. விலை குறைந்தால் எல்லோருக்கும் குறையும், எல்லோரும் கையொப்பமும் இட வேண்டும். இளைய தங்கை மகனின் படிப்புக்கு இந்தக் காசையே நம்பியிருந்தாள். மறைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். "நாளைக்கு அந்தச் செவர் விழுந்தா, அந்தக் காசில படிச்ச புள்ளைக்கு நான் என்ன சொல்றது?"

முதலில் வந்தவர் வெடிப்பைப் பற்றிச் சொன்னதும் போய்விட்டார். நான்கு மாதம் யாரும் வரவில்லை, நானா என்னோடு பேசவுமில்லை. பிறகு டிக்கோயாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மழை நாளில்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒழுகும் இடங்களில் வாளி வைத்திருந்தோம், எடுக்கவில்லை. தாங்கு சுவர் கட்டும் செலவைக் கழித்து விலை பேசினார். வெடிப்பு, கூரை, ஈரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்ட பிறகே உறுதி எழுதினோம்.

அன்று அவருக்கு அலுமாரியை நகர்த்திக் காட்டியது நானாதான்.