கருக்கலைப்பு உரிமை ஓட்டாக மாறுமா?

தேர்தல் வந்துவிட்டால் கொங்கு மண்டலத்தில் பட்டியலின மக்கள் வாழும் தெருக்களுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். வீட்டுமனைப் பட்டா, குடிநீர், சுடுகாட்டுப் பாதை, மகளிர் உரிமைத் தொகை என்று பேச்சு நீள்கிறது. வேண்டாத கர்ப்பத்தோடு தவிக்கும் பெண் எந்த மருத்துவமனைக்குப் போவாள், அங்கே அவளை எப்படி நடத்துவார்கள் என்பது மட்டும் பிரசாரத்தில் காதில் விழுவதில்லை. கருக்கலைப்பு உரிமைக்காக மக்கள் ஓட்டுப் போட வருவார்களா? வெளிநாட்டில் வந்திருக்கிறார்கள். நம் ஊரில் ஏன் அது தேர்தல் பேச்சாகவில்லை?

அமெரிக்காவில் 1973 முதல் கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமையாக இருந்தது. 2022 ஜூன் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. ஆறு வாரத்துக்குள், ஆகஸ்ட் 2 அன்று, கேன்சஸ் மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. மாநில அரசியலமைப்பு தரும் பாதுகாப்பையும் நீக்கிவிடலாமா என்பது கேள்வி. குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுப் பழகிய மாநிலம் அது. ஆனாலும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தனர். சுமார் 59 சதவீதம் பேர் ‘நீக்கக் கூடாது’ என்றனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 நவம்பரில் மிசௌரி மாநில மக்கள் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்து ஓட்டளித்தனர். அதே நாளில் அங்கே டிரம்ப் வென்றார். 2022 தீர்ப்பை எழுதிய பக்கம் நின்ற நீதிபதிகளில் மூவர் அவர் நியமித்தவர்கள். உரிமையை மட்டும் தனியாகக் கேட்டால் மக்கள் அதற்கென்றே பதில் சொல்கிறார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது விலைவாசி, வேலை, கட்சிப் பற்று எல்லாம் முன்னே வந்துவிடுகின்றன.

பெண்ணின் உடலும் ஆணின் உடலும் தேர்தல் பிரச்சினையான வரலாறு இந்தியாவுக்கும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வட மாநிலங்களில் கட்டாயப்படுத்திக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஏழைகளும் தலித்துகளும் ஏராளம். 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணங்கள் பல. கட்டாயக் கருத்தடை அவற்றில் முக்கியமானது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிதான் பெரும்பாலான இடங்களை வென்றது. அரசு கண்ணெதிரே கை வைத்த இடத்தில் மக்கள் திருப்பி அடித்தார்கள்.

நம் ஊரில் நடப்பது வேறு. இங்கே யாரும் உரிமையைப் பறிக்கவில்லை. சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைப்படி வந்த அந்தச் சட்டத்துக்காகப் பெண்கள் பெரிய போராட்டம் எதுவும் நடத்த வேண்டியிருக்கவில்லை. 2021-ல் அது திருத்தப்பட்டது. சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் உள்ளிட்ட சிலருக்கு இரு மருத்துவர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை செய்யலாம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்களையும் இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை. அவள் பெயரை அனுமதியின்றி வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இவ்வளவும் எத்தனை பேருக்குத் தெரியும்? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தையும் இதையும் குழப்பிக்கொண்டு, கருக்கலைப்பே குற்றம் என்று நினைப்பவர்கள் பலர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட சேலம் பக்கத்திலேயே இருப்பதால், நம் பகுதியில் இந்தக் குழப்பம் எளிதில் புரிந்துகொள்ளக்கூடியதே. பாலினம் பார்த்துக் கலைப்பதுதான் குற்றம்.

சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் சாலைக்கு வந்ததும் கட்சிகள் அசைந்தன. 2016 தேர்தலில் முக்கியக் கட்சிகள் மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடையை எதிர்த்த பெண்கள் போலீஸ் அடியையும் வாங்கினார்கள். சாராயக் கடை முன் பத்துப் பேராக உட்காரலாம். கருக்கலைப்புக்காக எந்தப் பெண் தெருவில் உட்காருவாள்? மறுநாளே ஊர் அவள் நடத்தையைப் பேசும். வெளியே சொல்ல முடியாத குறை கோரிக்கை ஆவதில்லை. கோரிக்கை ஆகாதது தேர்தல் அறிக்கையில் ஏறுவதில்லை.

தலித் பெண்ணுக்கு இந்த வாய்ப்பூட்டு இரட்டிப்பு. பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை பார்ப்பவளுக்கும், தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவளுக்கும், தூய்மைப் பணி செய்கிறவளுக்கும் ஒருநாள் லீவு என்பது ஒருநாள் கூலி. ரகசியம் வெளியே போனால் அவளோடு சேர்த்து அவள் சாதியையும் ஏசுவார்கள். அதற்குப் பயந்து மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்கினால், ரத்தப்போக்கு உயிரையே பறிக்கலாம்.

இன்னொரு முகமும் இருக்கிறது. சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்டிக் கொன்ற மண் இது. 2016 மார்ச்சில் உடுமலையில் பட்டப்பகலில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. அகமணம்தான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்று 1916-லேயே அம்பேத்கர் சொன்னார். அகமணத்தைக் காக்க நினைக்கிறவர்களுக்குப் பெண்ணின் கருப்பை காவல் போட வேண்டிய இடம். சாதி மாறி உருவான கருவைக் கலைக்கச் சொல்லி அவளை மிரட்டினால் அதுவும் உரிமைப் பறிப்புதான். பெறுவதும் பெறாமல் இருப்பதும் அவள் முடிவு என்பதே இந்த உரிமையின் பொருள்.

நம் தலைவர்கள் இதைப் பேசக் கூச்சப்பட்டதில்லை. 1928-ல் பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். 1938-ல் அவருடைய கட்சியின் சார்பில் கருத்தடைத் தீர்மானம் அங்கே சட்டமன்றத்துக்கு வந்தது, தோற்கடிக்கப்பட்டது. நம் ஈரோட்டுப் பெரியார், பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று குடிஅரசில் எழுதினார். மேடைக்கு மேடை இருவர் படத்துக்கும் மாலை போடுகிறவர்கள் இந்தப் பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவிநாசி, தாராபுரம், பவானிசாகர், வால்பாறை ஆகியவை தனித் தொகுதிகள். அங்கே எந்தக் கட்சி வென்றாலும் சட்டமன்ற உறுப்பினர் தலித்தாகத்தான் இருப்பார். அவர்களிடமாவது நேராகக் கேட்கலாம். நம் வட்டார அரசு மருத்துவமனையில் கருக்கலைப்புச் சேவை எந்தெந்த நாளில் கிடைக்கும்? பெண் மருத்துவர் இருக்கிறாரா? கணவரை அழைத்து வா என்று திருப்பி அனுப்பினால் யாரிடம் புகார் செய்வது? கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் செய்வோம் என்று யாரும் நிபந்தனை போடாமல் பார்த்துக்கொள்வீர்களா?

கிராம சபையில் கூட்டமாக எழுந்து கேட்டால் தனியொருத்தியின் பெயர் அதில் வராது. கல்லூரி மாணவிகள் சட்டத்தைப் படித்துத் தங்கள் தெருப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லலாம். நம் பெண்கள் ஓட்டுப் போடத் தயங்குகிறவர்கள் அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஆண்களைவிடப் பெண்களின் வாக்குப்பதிவு சதவீதம் சற்றே அதிகம். ஓட்டு ஏற்கெனவே பெட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதோடு இந்தக் கேள்வியும் போக வேண்டும்.