பன்றிக் கழிவைக் கானில் விடாமல்

மலைநாட்டுப் புசல்லாவையில் எதைக் கொட்டினாலும் அது கீழேதான் போகும். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பன்றிக்கூடு கழுவிய தண்ணீர் கான் வழியே ஓடையில் இறங்குகிறது. கீழ் லயத்தில் பீலி வைத்துத் தண்ணீர் பிடிப்பதும் அதே ஓடையிலாக இருக்கலாம். கடைசியில் எல்லாம் மகாவலிக்குத்தான். அதனால் இங்கே நாற்றத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலை.

கூட்டில் முதலில் எடுக்க வேண்டியது ஹோஸ் அல்ல, மண்வெட்டி. 60 கிலோ பன்றி ஒரு நாளைக்குச் சாணமும் மூத்திரமுமாக ஏறக்குறைய 3 கிலோ கழிக்கும். அதை வழித்து அள்ளிவிட்டால் கழுவக் கொஞ்சம் தண்ணீர் போதும். அள்ளாமல் பீய்ச்சியடித்தால் 3 கிலோ கழிவு முப்பது லீட்டர் அழுக்குத் தண்ணீராகிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தொட்டி கட்டினாலும் போதாது.

எட்டுப் பத்துப் பன்றிகள் இருந்தால் சாண எரிவாயுக் குழி கட்டலாம். காற்றுப் புகாத குழியில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து மீதேன் வாயுவைத் தரும். ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு அது போதும். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மலைநாட்டுக் குளிரில் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும். கழிவு ஐம்பது அறுபது நாளாவது உள்ளே தங்கும்படி குழி பெரிதாக இருக்க வேண்டும். வாயுவில் கூழ்முட்டை நாற்றம் அடித்தால் அதில் ஐதரசன் சல்பைட் இருக்கிறது. அது நச்சு, அடுப்பையும் அரிக்கும். குழாயின் நடுவே துருப்பிடித்த இரும்புத்தூள் அடைத்த குப்பி ஒன்றை வைத்தால் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். குழியிலிருந்து வழியும் கரைசலில் நாற்றம் குறைவு என்பதால் அதைக் கானில் திறந்துவிடுகிறார்கள். மீதேன்தான் வெளியேறியது, நைதரசன் ஏறக்குறைய முழுவதும் கரைசலிலேயே இருக்கிறது. ஓடையில் கலந்தால் மாசு, மண்ணில் சேர்ந்தால் உரம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது மலைநாடு தவித்த தவிப்பை நினைத்தால் இதைக் கானில் விட மனம் வராது. மழையில்லாத நாளில் தேயிலைத் தூரிலோ புல்லுக்கோ ஊற்றுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். புழு முட்டைகள் குழியில் முழுதாகச் சாவதில்லை.

புழு முட்டைகளைக் கொல்வது சூடு. அது கூட்டெருக் குவியலில் கிடைக்கும். இரண்டு மூன்று பன்றி மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் குழியே வேண்டாம். அந்தக் குவியலே போதும். பன்றிச் சாணத்தில் நைதரசன் அதிகம் என்பதால் மரத்தூளோ காய்ந்த மானாப்புல்லோ தாராளமாகக் கலந்து, மூன்றடிக்குக் குறையாமல் குவித்து, மழை படாமல் கூரை போடுங்கள். நடுவில் 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் சூடு நிற்க வேண்டும். ஓரத்தில் கிடப்பதும் சூடுபட, நான்கைந்து தடவை புரட்டிப் போடுங்கள்.

சாணத்தை உரமாக்கும்போது நோயையும் கவனிக்க வேண்டும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவியது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் சாணம் ஒட்டிய சப்பாத்திலேயே அடுத்த பண்ணைக்குப் போய்விடும். பன்றிகள் காய்ச்சலில் விழுந்தால் சாணத்தை யாருக்கும் உரமாகக் கொடுக்காமல், அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.