விலைக்கு முன் எடையைப் பாருங்கள்

திருத்தணியில் ஓர் அலமாரி வேண்டுமென்றால் முன்பெல்லாம் ஆசாரியிடம் சொல்லிச் செய்வார்கள்; இல்லையேல் சென்னைக்குப் போய் வாங்கி, வண்டியில் ஏற்றி வருவார்கள். இன்று கைபேசியில் 631209 என்று பின்கோடு போட்டால் கட்டிலும் மேசையும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஆனால் கொட்டை எழுத்தில் மின்னும் தள்ளுபடியை நம்பி வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியாது. அது தெரிய வேண்டுமானால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்று விவரங்களைத் தேடிப் படிக்க வேண்டும்: பலகையின் வகை, தடிமன், எடை.

'இன்ஜினியர்டு வுட்' என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு பெயருக்குள் பல சரக்கு இருக்கிறது. விலை குறைந்தது பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லுகளை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோடு கலந்து, சூடான இயந்திரத்தில் அமுக்கிச் செய்வது. அதன் வெட்டுமுகத்தைப் பார்த்தால், மேலும் கீழும் நைசான தூளும் நடுவில் கரடுமுரடான சில்லும் அடுக்காகத் தெரியும். மரத்தை நாராகப் பிரித்து அமுக்கினால் எம்.டி.எஃப். மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றின் ரேகைக்கு அடுத்ததன் ரேகை குறுக்கே வருமாறு ஒட்டினால் பிளைவுட். மூன்றில் திருகாணியை இறுகப் பிடிப்பதும் ஈரத்தைத் தாங்குவதும் பிளைவுட்தான்.

பார்ட்டிகிள் போர்டுக்கு எமன் தண்ணீர். அழுத்தத்தில் நசுங்கிக் கிடக்கும் சில்லுகள் ஈரம் பட்டதும் உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் வீடுகளில் தினமும் தரையைத் துடைக்கிறோம். அடிப்பலகை தரையைத் தொடும் அலமாரி அங்கிருந்துதான் கெடத் தொடங்கும். இரும்புக் காலோ பிளாஸ்டிக் குமிழோ வைத்து உயர்த்தியதை வாங்குங்கள். விளிம்புகளில் பட்டை முழுதாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: கழற்றிக் கழற்றி மாட்டும்போது திருகாணித் துளை தளர்ந்துவிடும். அவர்களுக்கு இரும்புச் சட்டம் போட்டதே லாபம்.

இனி எடை. 180 செ.மீ. உயரத்தில் இரண்டு பக்கப் பலகை, 60 செ.மீ. நீளத்தில் ஐந்து தட்டு, எல்லாம் 30 செ.மீ. அகலம் என்று ஒரு புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். பலகைகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். பார்ட்டிகிள் போர்டு ஒரு கன மீட்டர் சுமார் 680 கிலோ இருக்கும். 18 மி.மீ. தடிமன் என்றால் அலமாரி சுமார் 24 கிலோ வர வேண்டும். இணையதளத்தில் 16 கிலோ என்று இருந்தால் பலகை 12 மி.மீ.தான். வளையாமல் தாங்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 18-ஐ 12 ஆக்கினால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். விலையில் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும், தட்டு புத்தகச் சுமையில் தொய்ந்துவிடும். எடையே போடாத விற்பனையாளரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்குங்கள்.

கோடையில் சதமடிக்கும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். வெப்பம் கூடக்கூடப் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கூடுதலாகக் கசியும். படுக்கையறைக்கு வாங்கும்போது, குறைந்த கசிவைக் குறிக்கும் 'E1' தரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வந்த அலமாரியைச் சில நாள் காற்றோட்டமாகத் திறந்து வையுங்கள்.

இணையத்தில் விலை குறைவதற்கு நியாயமான காரணமும் உண்டு. கழற்றித் தட்டையாக அடுக்கி அனுப்பினால் ஒரே லாரியில் பல மடங்கு சரக்கு ஏறும். சுவீடனின் ஐகியா 1950-களில் இந்த முறையைப் பெரிய வணிகமாக்கியது. ஆனால் மாடிக்கு ஏற்றும் கூலி, பொருத்தும் கூலி, திருப்பி அனுப்பும் செலவு ஆகியவற்றைச் சேர்த்த பிறகே உள்ளூர் ஆசாரியின் விலையோடு ஒப்பிட வேண்டும். கட்டில், சாப்பாட்டு மேசை போல இருபது ஆண்டு உழைக்க வேண்டியவற்றை நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆசாரியிடம் செய்வதே சிக்கனம் என்பது என் கருத்து. செருப்பு ஸ்டாண்டும் கணினி மேசையும் இணையத்தில் வாங்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.