திருகோணமலையின் மூத்த உறுப்பினர்: அமரர் இரா. சம்பந்தன்

துறைமுகம் பெற்ற ஊர்களுக்கு ஒரு தனி விதி உண்டு. அவ்வூர் மக்கள் தம் ஊரைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பதைக் கேட்பதற்கு முன்னரே, தொலைவில் உள்ளவர்கள் அவ்வூரைப் பற்றி முடிவு செய்து விடுகின்றனர். திருகோணமலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கடல் கடந்து வந்த வல்லரசுகள் யாவும் இந்த ஆழமான இயற்கைத் துறைமுகத்தின் மீது கண் வைத்தன. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் இதன் மீது குண்டு பொழிந்தன. நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் 1957 வரையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கே நிலைத்திருந்தது.

இத்தகைய ஊரில் வாழ்வோருக்கு, தம் நிலம், தம் கடல், தம் வழிபாட்டிடம், தம் வாழ்வு ஆகியவற்றைப் பற்றித் தலைநகரிலே எடுத்துரைக்கும் ஒரு குரல் இன்றியமையாதது. அக்குரலாக நெடுங்காலம் விளங்கியவர் அமரர் இராஜவரோதயம் சம்பந்தன் அவர்கள். 2024 யூன் 30 ஆம் நாள், தமது 91 ஆம் வயதில், கொழும்பிலே அவர் காலமானார். இறக்கும்போதும் அவர் திருகோணமலை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அன்னாரது பூதவுடல் பாராளுமன்றக் கட்டடத்திலே அஞ்சலிக்கு வைக்கப்பட்ட பின்னர், யூலை 7 அன்று திருகோணமலையிலே தகனம் செய்யப்பட்டது.

ஒருவர் மறைந்ததும் அவரைப் புகழ்ந்துரைப்பது எளிது. அவர் செய்த பணி எத்தகையது, அதன் பயன் யாது, அது எங்கே குறையாக நின்றது என்று ஆராய்வதே அவருக்கும் நமக்கும் நன்மை தருவது. இப்பேச்சின் நோக்கமும் அதுவே.

1933 பெப்ரவரி 5 இல் பிறந்த சம்பந்தன், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் சட்டக் கல்லூரியில் சேர்ந்து சட்டத்தரணியானார். அரசியல் அவர் குடும்பத்துக்குப் புதியதன்று. 1952 பொதுத் தேர்தலில் தந்தை செல்வநாயகம் அவர்களே தோல்வியுற்றார். தமிழரசுக் கட்சி வென்ற தொகுதிகள் இரண்டே. கோப்பாய் ஒன்று, திருகோணமலை மற்றொன்று. திருகோணமலையில் வென்ற என். ஆர். இராஜவரோதயம், சம்பந்தன் அவர்களின் நெருங்கிய உறவினர். 1956 இல் சம்பந்தனும் அக்கட்சியிலே சேர்ந்தார். ஆயினும், வழக்குரைஞர் தொழிலைக் கைவிட்டுப் பாராளுமன்றம் புக அவர் அவசரப்படவில்லை. 1977 இல்தான், தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராகத் தேர்தலில் நின்று வெற்றி பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 44.

அந்தத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதற்கு முந்திய ஆண்டு வட்டுக்கோட்டையிலே நிறைவேற்றப்பட்ட தனிநாட்டுத் தீர்மானத்தை முன்வைத்தே கூட்டணி வாக்குக் கேட்டது. பிற்காலத்தில் ஒன்றுபட்ட, பிரிக்கப்படாத இலங்கைக்குள்ளே தீர்வு வேண்டும் என்று உலக நாடுகளின் தூதுவர்களிடமெல்லாம் எடுத்துரைத்த சம்பந்தன், தனிநாட்டுக் கோரிக்கையின் பெயரால் பாராளுமன்றம் சென்றவரே. ஒரு மனிதர் இவ்வளவு தூரம் நடந்ததற்குக் காரணம் என்ன? இடையிலே நிகழ்ந்தவற்றை நோக்கினால் விடை கிடைக்கும்.

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மக்கள் தரும் ஆணைக்கு ஒரு தவணை உண்டு. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் தவணை ஆறு ஆண்டுகள். ஆனால், 1982 டிசெம்பர் 22 அன்று நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பின் மூலம், பொதுத் தேர்தல் இன்றியே அதன் ஆயுள் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது. தவணை கடந்தும் கூட்டணி உறுப்பினர் ஆசனங்களில் இருத்தல் ஆகாது எனத் தமிழ் இளைஞர் இயக்கங்கள் வற்புறுத்தின. 1983 யூலையில் தமிழருக்கு எதிரான கொடிய வன்செயல்கள் நிகழ்ந்தன. அவற்றின் புகை அடங்குமுன்னர், ஆகஸ்ட் மாதத்திலே அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்தல் வேண்டும் என அது விதித்தது. கூட்டணியினர் சபைக்குச் செல்லவில்லை. சபையின் அனுமதியின்றி மூன்று மாத காலம் வராதிருப்பவர் ஆசனம் இழப்பார் என்பது விதி. அவ்விதியின்படி சம்பந்தன் 1983 செப்டெம்பர் 7 அன்று தம் ஆசனத்தை இழந்தார்.

அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். 1989 இலும் 1994 இலும் போட்டியிட்டார், தெரிவாகவில்லை. அக்காலத்தில் அவருடைய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். 1989 யூலை 13 அன்று அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1997 யூலை 5 அன்று திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை, மகளிர் பாடசாலை ஒன்றின் விழாவுக்குச் சென்ற இடத்திலே கொலையுண்டார். அந்த வெற்றிடத்துக்கே சம்பந்தன் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். நண்பரின் குருதி காயாத ஆசனத்தில் அமர்வது எளிய செயலன்று. முன்னர் செய்ய மறுத்த அதே சத்தியப் பிரமாணத்தை இம்முறை செய்துகொண்டார். கொள்கையை விட்டார் என்று சிலர் கூறினர். பேசுவதற்கு ஓரிடமும் இல்லாத மக்களுக்காகப் பேசும் இடத்தை மீட்டார் என்று வேறு சிலர் கூறினர். இரண்டு கூற்றுகளிலும் உண்மை உண்டு.

2001 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் தலைவராக 2001 முதல் இறுதிவரை நடைபெற்ற பொதுத் தேர்தல்கள் அனைத்திலும் சம்பந்தன் வென்றார். 2004 இல் 22 ஆசனங்களைப் பெற்ற கூட்டமைப்பு, விடுதலைப் புலிகளே தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என ஏற்றுக்கொண்டிருந்தது. பல கட்சி முறையிலே நம்பிக்கை வைத்த ஒருவருக்கு இது பொருந்துமோ என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகின்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, எஞ்சி நின்ற மூத்த தலைவர் அவர் ஒருவரே எனலாம். அப்பொழுது அவருக்கு வயது 76.

அவர் பெயரை இந்நாட்டின் சட்ட வரலாற்றிலே நிலைநாட்டிய நிகழ்ச்சி 2018 இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி, மகிந்த ராஜபக்ஷவை அப்பதவியில் அமர்த்தினார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5 ஆம் நாளைத் தேர்தலுக்குக் குறித்தார். இதனை எதிர்த்துப் பல கட்சியினர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்களுள் சம்பந்தனும் ஒருவர்.

வழக்கின் சாரத்தைச் சிறிது விளக்குதல் நலம். அரசியலமைப்பின் 33 ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்கின்றது. 70 ஆம் உறுப்புரை, முதற் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் கழியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானத்தால் வேண்டிக்கொண்டாலன்றிக் கலைத்தல் ஆகாது என்று அப்பொழுது விதித்திருந்தது. முதல் உறுப்புரை தனித்து நிற்கும் முழு அதிகாரம் என்று அரசதரப்பு வாதித்தது. நான்கரை ஆண்டுக் கட்டுப்பாடு அந்த அதிகாரத்துக்கும் எல்லை வகுக்கின்றது என்று மனுதாரர் வாதித்தனர். 2015 செப்டெம்பர் 1 இல் முதன்முதற் கூடிய பாராளுமன்றத்துக்கு 2018 நவம்பரில் மூன்று ஆண்டுகளும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. டிசெம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் ஒருமித்து, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். ‘சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’ என்பதே அவ்வழக்கின் பெயர்.

இப்பொழுது இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1983 இல் மக்கள் தந்த தவணை தேர்தலின்றி நீட்டப்பட்டது, சம்பந்தன் வெளியேறினார். 2018 இல் மக்கள் தந்த தவணை சட்டத்தை மீறிக் குறைக்கப்பட்டது, சம்பந்தன் வழக்காடினார். மக்களின் ஆணையை ஆட்சியாளர் தம் வசதிக்கு ஏற்ப நீட்டவும் குறுக்கவும் கூடாது என்னும் நெறி இரண்டிடத்தும் பொருந்தி நிற்கின்றது. முதல் முறை அந்நெறியைக் காக்க நீதிமன்றக் கதவு திறந்திருக்கவில்லை. இரண்டாம் முறை திறந்திருந்தது. அந்த நீண்ட காத்திருப்பின் பயனை, அவரை ஒருபோதும் ஆதரியாத தென்னிலங்கை மக்களும் நுகர்ந்தனர். 2015 செப்டெம்பர் 3 முதல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அவர், தீர்ப்பு வெளியாகி ஐந்து நாள்களில், டிசெம்பர் 18 அன்று அப்பதவியை இழந்தார். சபாநாயகர் மகிந்த ராஜபக்ஷவை எதிர்க்கட்சித் தலைவராக அறிவித்தார். அமிர்தலிங்கத்துக்குப் பின் அப்பதவியை வகித்த தமிழர் சம்பந்தன் ஒருவரே.

இனி, அவருடைய சொந்த மாவட்டத்துக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலையின் சனத்தொகை 3,79,541. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள்; பத்தில் மூன்று பங்கினர் தமிழர்; காற்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் சிங்களவர். எந்த இனமும் தனித்துப் பெரும்பான்மை ஆகாத மண்ணிலே, அயலாரோடு உடன்பாடின்றி எதனையும் சாதிக்க இயலாது. 2012 இல் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது கூட்டமைப்பு 11 இடங்களையும் முஸ்லிம் காங்கிரஸ் 7 இடங்களையும் பெற்றன. முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரசுக்கே தருவதாகச் சம்பந்தன் அறிவித்தார். அப்பொழுது அது கைகூடவில்லை. 2015 இல், குறைந்த இடங்களைப் பெற்ற முஸ்லிம் காங்கிரசிலிருந்து ஒருவர் முதலமைச்சராக, கூட்டமைப்பு அமைச்சர்கள் அவருடன் பணியாற்றினர். கூடுதல் எண்ணிக்கை பெற்றோர் குறைந்த எண்ணிக்கையினருக்குத் தலைமையை விட்டுக்கொடுத்தல் அரசியலில் அடிக்கடி காணக்கூடியதன்று.

துறைமுகத்தின் தென்கரையில் உள்ள சம்பூர் மக்கள், 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்களின் நிலம் கைத்தொழில் வலயத்துக்கும் கடற்படைக்கும் எடுக்கப்பட்டது. முகாம்களிலே ஆண்டுகள் பல கழித்த அம்மக்கள், 2015 இலும் 2016 இலும் கட்டங்கட்டமாகத் தம் ஊருக்குத் திரும்பினர். அங்கே அமையவிருந்த நிலக்கரி மின்னிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. இவை ஒருவரின் முயற்சியால் மட்டும் விளைந்தவை அல்ல. அவ்வூர் மக்களின் விடாப்பிடியே முதற் காரணம். ஆயினும், அவர்களின் குறையை விடாது எடுத்துரைத்த உறுப்பினர் ஒருவர் இருந்தமை அவர்களுக்குத் துணையாயிற்று.

அவர் காணாது மறைந்தவையும் உண்டு. 2016 இல் தொடங்கிய புதிய அரசியலமைப்பு முயற்சி இடைக்கால அறிக்கையோடு நின்றுபோயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் தீர்வு வரும் என அவர் ஊட்டிய நம்பிக்கை பொய்த்தபோது, மக்கள் மனம் கசந்தனர். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் விடையின்றி வீதியோரத்திலே அமர்ந்திருந்தனர். 2015 இல் 16 ஆக இருந்த கூட்டமைப்பின் ஆசனங்கள் 2020 இல் 10 ஆகக் குறைந்தமை அக்கசப்பின் கணக்காகும். முதுமையிலும் நோயிலும் பதவியை விடாதிருந்தது இளையோருக்கு வழிவிடாச் செயல் என்ற குறையும் கூறப்பட்டது.

ஆகவே, அவர் விட்டுச் சென்றது முற்றுப்பெற்ற வெற்றி அன்று. சட்டத்தின் துணைகொண்டு சிறுபான்மையினரும் நாட்டுக்கே உரிய நீதியைப் பெற்றுத் தரலாம் என்பதற்கு ஒரு சான்றை அவர் விட்டுச் சென்றுள்ளார். அச்சான்று சட்ட நூல்களிலே அவர் பெயரோடு பதிவாகியுள்ளது. அதே சட்டம் அவருடைய சொந்த மக்களின் நெடுநாள் வேண்டுகோளுக்கு எப்பொழுது விடை பகரும் என்னும் வினா, அவர் வாழ்ந்த காலத்தைப் போலவே, இன்றும் திருகோணமலைக் கரையிலே நிற்கின்றது. அவ்வினாவை ஏந்திச் செல்வோருக்கு அவருடைய பொறுமையும் வேண்டும். அவருக்கு வாய்க்காத விரைவும் வேண்டும்.