விழும் குண்டும் வரைபடமும்

அடுப்பிலிருந்து இறக்கிய வெல்லப்பாகு கரண்டியிலிருந்து எளிதாக வழிந்தோடும். ஆறியபின் அதுவே கம்பியிழை போல மெல்ல இறங்கும். நகரும் நீர்ம அடுக்குகள் ஒன்றையொன்று தடுக்கும் இப்பண்பு பாகுநிலை எனப்படும். அதன் அளவைக் குறிப்பது பாகியல் எண்.

பாகுநிலை உடைய நீர்மத்தில் விழும் சிறு கோளத்தின் மீது செயல்படும் தடைவிசையை 1851ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கணக்கிட்டார். அவ்விதியின்படி, கோளம் இறுதியில் அடையும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மேலூர்ப் பகுதிக் கண்மாய்களில் புதுநீர் வந்து தேங்கும்போது நுண்மணல் விரைவில் படிந்துவிடுகிறது. களிமண் துகள்களோ நாள்கணக்கில் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கின்றன. ஆரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் படியும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுவதே இதற்குக் காரணம்.

பள்ளி ஆய்வகத்தில் உயரமான கண்ணாடிச் சாடியில் விளக்கெண்ணெய் நிரப்பப்படுகிறது. எஃகுக் குண்டுகளின் விட்டம் திருகு அளவியால் அளக்கப்படுகிறது. எண்ணெய்ப் பரப்பின் நடுவில் விடப்படும் குண்டு முதலில் வேகம் பெறும். பின்னர் மிதப்பு விசையும் பாகியல் விசையும் சேர்ந்து அதன் எடையைச் சமன் செய்யும். அதன்பின் குண்டு மாறா வேகத்தில் இறங்கும், இதுவே முற்றுத்திசைவேகம். ஆகவே, பரப்பிற்கு நன்கு கீழே இரு குறிகள் இட்டு, அவற்றுக்கிடையே குண்டு கடக்கும் நேரம் குறிக்கப்படுகிறது.

கிடை அச்சில் ஆரத்தின் இருமடியையும் செங்குத்து அச்சில் வேகத்தையும் குறித்தால், புள்ளிகள் ஆதிப்புள்ளி வழிச் செல்லும் நேர்கோட்டை ஒட்டி அமையும். புள்ளிக்குப் புள்ளி கோணல்மாணலாக இணைத்தல் கூடாது; எல்லாவற்றிற்கும் பொருந்தும் ஒரே கோட்டை வரைதல் வேண்டும். எஃகு, எண்ணெய் ஆகியவற்றின் அடர்த்தி வேறுபாட்டை புவியீர்ப்பு முடுக்கத்தாலும் இரண்டாலும் பெருக்கி, சாய்வின் ஒன்பது மடங்கால் வகுத்தால் பாகியல் எண் கிடைக்கும். அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 6840 கிலோகிராம், ஆரம் மீட்டரிலும் வேகம் வினாடிக்கு மீட்டரிலும் குறிக்கப்பட்ட கோட்டின் சாய்வு 33,000 எனில், விடை ஏறத்தாழ 0.45 பாஸ்கல் வினாடி. பெரிய குண்டுகளின் புள்ளிகள் கோட்டிற்குக் கீழே விழக்கூடும். சாடிச் சுவரின் தடையும் மிகுந்த வேகமும் விதியின் எல்லையை மீறச் செய்வதே காரணம். அப்புள்ளிகளை அழிக்காமல், சாய்வு காணும்போது மட்டும் விலக்கி, காரணத்தை எழுதுதல் முறை.

விளக்கெண்ணெயின் பாகியல் எண் நூல்களில் பெரும்பாலும் 0.98 என்று காணப்படும். அது 20 பாகை செல்சியசுக்குரிய மதிப்பு. 30 பாகையில் அது ஏறத்தாழ 0.45, 40 பாகையில் 0.23. மேலூரின் வெயில்கால நண்பகலில் 0.3 என்று விடை பெறும் மாணவர், சோதனை தவறியதாக எண்ணி நேர அளவீடுகளைத் திருத்த முற்படலாம். எல்லா நேரங்களையும் ஒரே விகிதத்தில் கூட்டினால் கோடு அப்போதும் நேராகவே நிற்கும். வரைபடம் அப்பொய்யைக் காட்டிக்கொடுக்காது. தவறாக எண்ணப்பட்ட சரியான விடை, சரியாகத் தோன்றும் தவறான விடையாக மாறிவிடும். எண்ணெயில் ஒரு வெப்பநிலைமானியை வைத்து அதன் அளவைக் குறித்திருந்தால் ஐயம் அப்போதே தீர்ந்திருக்கும். வெப்பநிலை குறிக்கப்படாத பாகியல் எண் முழுமையான விடையாகாது.