நன்றிக்குரிய நர்சுகள்

2020 மார்ச்சில், பத்தனம்திட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 93 வயது முதியவரும், 88 வயதான அவர் மனைவியும் கொரோனா தொற்றுடன் கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். தனித்தனி அறைகளில் இருவரும் நிம்மதியின்றித் தவித்தனர். பிறகு, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி ஒரே அறையில் இடம் தரப்பட்டது. உற்றார் நெருங்க முடியாத அங்கு, அருகிருந்து கவனித்தவர்கள் நர்சுகளே.

அவர்களில் ஒருவரான ரேஷ்மா மோகன்தாசையும் நோய் தொற்றியது. அவர் கலங்கவில்லை, குணமானதும் மீண்டும் பணிக்கு வருவதாகவே கூறினார். அப்போதைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா டெலிபோனில் அவரைப் பாராட்டினார்.

ஏப்ரல் 3-ந் தேதி முதிய தம்பதி நலமுடன் வீடு திரும்பினர். ரேஷ்மாவும் குணமடைந்தார்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளிலும் இத்தகைய சகோதரிகள் பலர் உண்டு. பாராட்டினால் மட்டும் போதாது. நம்மைக் காப்பவர்களைக் காப்பதும் நம் கடமையன்றோ!